டிக்கெட்டை யார் மூடுவது?

உங்கள் ஆபீசில், உங்கள் தலைக்கு மேலே இருக்கிற டியூப்லைட் கண் சிமிட்ட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மாற்ற எத்தனை பேர் தலையாட்ட வேண்டும்?

சின்னக் கடை என்றால் பிரச்னையே இல்லை. "தம்பி, அந்த ஸ்டூலை இப்படிப் போடு" என்று முதலாளியே ஏறி மாட்டிவிடுவார். கம்பெனி கொஞ்சம் பெரிதாகிவிட்டால்தான் வம்பு. அட்மினுக்கு மெயில் போடவேண்டும். "உங்க மேனேஜர்கிட்டேர்ந்து ஒரு மெயில் வந்துடட்டுமே சார்" என்பார் அட்மின். மேனேஜர் லீவ். அவர் வந்து மெயில் அனுப்பினால், "இந்த மாச பட்ஜெட் முடிஞ்சுபோச்சே" என்று பதில் வரும். அடுத்த மாதம் எப்படியோ லைட்டை மாட்டிவிடுவார்கள். ஆனால், பில்லை ஃபைனான்ஸ் திருப்பி அனுப்பிவிடும். மூன்று கொட்டேஷன் வாங்கினீர்களா?

அதே ஆபீசின் வரவேற்பறையில் அழகாக ஃப்ரேம் போட்டு ஒரு வாசகம் தொங்கும். 'எங்கள் ஊழியர்களே எங்கள் சொத்து.'

காமர்ஸ் படித்தவனுக்கு இங்கே ஒரு சின்ன சந்தேகம் வரும். சொத்து என்றால் பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் இருக்கவேண்டுமே? ஊழியரைத் தேடிப் பாருங்கள். லாப நஷ்டக் கணக்கில், செலவுப் பக்கத்தில், மின்சாரக் கட்டணத்துக்கும் ஸ்டேஷனரிக்கும் நடுவில் எங்கேயாவது இருப்பார்!

இப்போது அந்த வாசகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வார்த்தையும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எம்பவர்மென்ட். இங்கிலீஷில் சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது. தமிழில் 'அதிகாரம் அளித்தல்' என்று சொல்லிப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். உடனே நாலு கேள்வி வருகிறது. அளிப்பது யார்? எவ்வளவு அளிக்கிறார்? எதற்கெல்லாம் அளிக்கிறார்? கோபம் வந்தால் திருப்பி வாங்கிக்கொள்வாரா?

இந்த நாலு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிரபலமான புத்தகத்தைப் படித்துப் பார்க்கலாம், வாருங்கள்.

புத்தகத்தின் பெயர், 'எம்ப்ளாயீஸ் ஃபர்ஸ்ட், கஸ்டமர்ஸ் செகண்ட்'. ஊழியர்தான் முதலில், வாடிக்கையாளர் அப்புறம்தான். எழுதியவர் வினீத் நாயர். 2010-ல் ஹார்வர்டு பிசினஸ் பிரஸ் வெளியிட்டது. கதை நடந்த இடம் ஹெச்.சி.எல். டெக்னாலஜிஸ். 1976-ல் ஷிவ் நாடாரும் நண்பர்களும் சேர்ந்து ஆரம்பித்த ஹெச்.சி.எல்.லின் சாஃப்ட்வேர் வாரிசு. ஷிவ் நாடார் நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் என்பதால் நமக்கு அதில் கூடுதலாக ஒரு பாசமும் உண்டு.

2005-ல் வினீத் நாயர் தலைமைக்கு வந்தபோது அங்கே சுமார் 30,000 பேர் வேலை பார்த்தார்கள். கம்பெனி வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால், போட்டிக்காரர்கள் இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். 'மாப்பிள்ளை ஓடுகிறார், பக்கத்து வீட்டு மாப்பிள்ளை பறக்கிறார்' என்கிற கதை.

நாயர் ஒரு எளிய கேள்வியில் ஆரம்பிக்கிறார். வாடிக்கையாளருக்கு மதிப்பு எங்கே உண்டாகிறது? சி.இ.ஓ. அறையிலா? ஹெச்.ஆர். டிபார்ட்மென்ட்டிலா? இல்லை. வாடிக்கையாளரோடு நேரடியாக வேலை பார்க்கிற அந்த இளைஞனின் கம்ப்யூட்டர் முன்னால். அதற்கு அவர் வைத்த பெயர் 'வேல்யூ ஸோன்'. அப்படியானால் மற்ற எல்லோரும், மேனேஜர்கள் முதல் சி.இ.ஓ. வரை, அந்த இளைஞனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பிரமிடைத் தலைகீழாகக் கவிழ்த்து வை என்கிறார்.

இதுவரைக்கும் எந்த மேனேஜ்மென்ட் குருவும் மேடையில் சொல்லக்கூடியதுதான். கைதட்டிவிட்டு போண்டா சாப்பிடப் போய்விடலாம். ஆனால், அடுத்து அவர் செய்த ஒரு காரியத்துக்காகத்தான் இந்தப் புத்தகத்தை எடுத்தேன்.

ஸ்மார்ட் சர்வீஸ் டெஸ்க். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது முக்கியம்.

வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் அதற்கு ஒரு 'டிக்கெட்' போடுவார்கள். நம்பர், தேதி, யார் பொறுப்பு, எத்தனை மணி நேரத்தில் முடிக்கவேண்டும், எல்லாம் அதில் இருக்கும். நாயர் அதே முறையை ஊழியர்களுக்கும் கொண்டுவந்தார். சம்பள ஸ்லிப்பில் தப்பா? நாற்காலி உடைந்துவிட்டதா? லீவ் கணக்கு உதைக்கிறதா? ஊழியர் ஒரு டிக்கெட் போடலாம். ஹெச்.ஆர்., ஃபைனான்ஸ், அட்மின் ஆசாமிகள் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், டிக்கெட் தானாகவே அவருடைய மேலதிகாரியிடம் ஏறிப் போகும். அவரும் கவனிக்கவில்லையா, அவருக்கும் மேலே.

இதுகூடப் பெரிதில்லை. விஷயம் கடைசியில்தான் இருக்கிறது. அந்த டிக்கெட்டை ஹெச்.ஆர். மூட முடியாது. அட்மின் மூட முடியாது. 'எனக்குத் திருப்தி, பிரச்னை தீர்ந்தது' என்று அதைப் போட்ட ஊழியர்தான் மூடவேண்டும்!

இந்த ஒரு பட்டனில்தான் சூட்சுமம். நம் நாட்டில் புகார்ப் பெட்டி இல்லாத ஆபீஸ் உண்டா? ஆனால், அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? யார் மேல் புகாரோ அவர் டிராயரிலேயே இருக்கும். 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது' என்று அவரே எழுதி, அவரே கையெழுத்துப் போட்டு, அவரே ஃபைலைக் கட்டுவார். புகார் செய்கிற உரிமையை எல்லோரும் கொடுத்துவிடுகிறார்கள். 'தீரவில்லை' என்று சொல்லும் உரிமையைத்தான் யாரும் கொடுப்பதில்லை. அதை ஹெச்.சி.எல். கொடுத்தது. கொஞ்ச நாளில் இன்னொன்றும் புரிந்தது. ஒரே விஷயத்துக்கு ஆயிரம் பேர் டிக்கெட் போட்டால், அது ஆயிரம் பிரச்னை இல்லை, ஒரே ஒரு தப்பான விதி. விதியை மாற்றினால் ஆயிரம் டிக்கெட்டும் இல்லை.

இன்னும் சில காரியங்களும் செய்தார் நாயர். மேலதிகாரிகளைப் பற்றி கீழே இருப்பவர்கள் போடும் மார்க்கை கம்பெனி இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடச் சொன்னார். முதலில் தன் மார்க்கைத்தான் போட்டார். அப்புறம் மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? 'இவர் மட்டும் ஏன் மறைக்கிறார்' என்று கேள்வி வந்துவிடுமே! இளநிலை ஊழியர்களின் சம்பளத்தில் 'கம்பெனி லாபத்தைப் பொறுத்து' என்று தொங்கிக்கொண்டிருந்த பகுதியை நிச்சய சம்பளமாக்கினார். ஜூனியர் இன்ஜினீயர் கையில் இல்லாத கம்பெனி லாபத்துக்கு அவர் சம்பளத்தைப் பணயம் வைப்பது நியாயமில்லை என்பது அவர் கட்சி. 2008 நிதி நெருக்கடியின்போது செலவைக் குறைக்க ஊழியர்களிடமே யோசனை கேட்டார்கள்.

சரி, இதில் புதுசு என்ன?

பி.காம். படித்த அத்தனை பேரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஒரு பெயர் உண்டு. ஹென்றி ஃபேயோல். பிரெஞ்சுக்காரர், சுரங்க இன்ஜினீயர். 1916-லேயே நிர்வாகத்துக்கு 14 கொள்கைகள் எழுதிவைத்தார். அதில் இரண்டாவது, அதிகாரமும் பொறுப்பும் சமமாக இருக்கவேண்டும் என்பது. பொறுப்பைக் கொடுத்தால் அதற்கேற்ற அதிகாரத்தையும் கொடு. ஐந்து மார்க் கேள்வி. எல்லோரும் எழுதினோம், பாஸ் பண்ணினோம், வேலைக்குப் போனோம். போனதும் மறந்துவிட்டோம்.

நம் கம்பெனிகளில் எம்பவர்மென்ட் என்ற பெயரில் நடப்பதைப் பாருங்கள். "இனிமே இந்த பிராஞ்ச் உங்க சொந்த பிசினஸ் மாதிரி. நீங்கதான் இதுக்கு சி.இ.ஓ." என்பார்கள். டார்கெட் அவருடையது. வாடிக்கையாளரின் வசவு அவருடையது. ராத்திரி பதினோரு மணி போன் கால் அவருடையது. ஆனால், அந்த பிராஞ்சுக்கு ஒரு ஃபேன் வாங்க ரீஜனல் ஆபீஸ் அனுமதி வேண்டும். சொந்த பிசினஸ் செய்கிற பெட்டிக்கடைக்காரருக்கு இருக்கிற அதிகாரத்தில் கால்வாசி இந்த 'சி.இ.ஓ.'வுக்குக் கிடையாது. பொறுப்பு மட்டும் இறங்கி வருகிறது. அதிகாரம் மாடியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஃபேயோல் புத்தகத்தில் எழுதியதை ஒரு பட்டனில் கொண்டுவந்ததுதான் ஹெச்.சி.எல். செய்த காரியம். அதனால்தான் உலகம் முழுக்க பிசினஸ் பள்ளிகளில் அதைப் பாடமாக வைத்தார்கள்.

மேலே இருப்பவர் மனசு வைத்தால் போதுமா? போதாது. 'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார்' என்பார்களே, அந்தப் பூசாரிகள்தான் நடுநிலை மேலாளர்கள். அவர்களைத் திட்டுவது சுலபம். கொஞ்சம் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இருபது வருஷம் உழைத்து அவர் சம்பாதித்த ஒரே சொத்து, அந்தக் கையெழுத்து. 'உங்க அப்ரூவல் வேணும் சார்' என்று நாலு பேர் வாசலில் நிற்பதுதான் அவருடைய அந்தஸ்து. அதை எடுத்துவிட்டால் அவர் யார்? அந்த வேலைக்குப் பதில் அவருக்கு என்ன வேலை தரப்போகிறீர்கள்? இதற்குப் பதில் சொல்லாமல் எம்.டி. எம்பவர்மென்ட் மேளா நடத்தினால், பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு நடையைச் சாத்திவிடுவார்.

இந்த இடத்தில் சிலர் ஒரு வாதம் வைப்பார்கள். "இதெல்லாம் வெள்ளைக்காரனுக்குச் சரி சார். நம்ம ஆளுங்களுக்கு அதிகாரத்தைக் கொடுத்தா தலையில ஏறி உக்காந்துடுவான். நம்ம ஊர்ல முதலாளின்னா அப்பா மாதிரி. அதட்டணும், அணைக்கணும்."

வாதத்தில் விஷயம் இல்லாமல் இல்லை. டச்சுக்காரர் கீர்ட் ஹோஃப்ஸ்டீட், அதிகார வித்தியாசத்தை மக்கள் எவ்வளவு சகஜமாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நாடுவாரியாக ஓர் அளவு போட்டார். அதில் இந்தியாவுக்கு 77. அமெரிக்காவுக்கு 40. பீகாரைச் சேர்ந்த உளவியல் அறிஞர் ஜே.பி.பி. சின்ஹா 1980-ல் ஒரு புத்தகமே எழுதினார். இந்தியச் சூழலில் எடுபடுகிற தலைவர், வேலையையும் கறாராக வாங்குவார், பாசமாகவும் பார்த்துக்கொள்வார் என்றார். கிட்டத்தட்ட அதட்டி அணைக்கிற அப்பாதான். ஆனால், சின்ஹாவின் பேச்சில் பாதியை மட்டும்தான் நம் முதலாளிகள் காதில் வாங்கினார்கள். ஊழியர் கைதேர்ந்தவர் ஆக ஆக, தலைவர் பிடியைத் தளர்த்திக்கொண்டே போய் அவரையும் முடிவெடுக்க வைக்கவேண்டும் என்பது மீதிப் பாதி. அப்பா என்றால், பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகு வீட்டுச் சாவியைக் கொடுக்கிற அப்பா. ஐம்பது வயதுப் பிள்ளைக்கும் பாக்கெட் மணி எண்ணிக் கொடுக்கிற அப்பா இல்லை.

'நம்ம ஆளுங்களுக்கு வராது' என்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது மும்பை தாஜ் ஹோட்டல்.

2008 நவம்பர் 26. தாஜின் ஒரு ஹாலில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனியின் விருந்து. அதற்குப் பொறுப்பு, 24 வயதான ஒரு பெண் மேலாளர். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கதவுகளைப் பூட்டச் சொன்னார், விளக்குகளை அணைக்கச் சொன்னார். விருந்தினர்களை மேஜைகளுக்கு அடியில் படுக்கவைத்தார். செல்போனைப் பேசாமல் இருக்கச் சொன்னார். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் இருக்கவேண்டாம், குடும்பத்தில் ஒருவராவது தப்பவேண்டும் என்று பிரித்து உட்காரவைத்தார். இரவு முழுக்க அவரும் ஊழியர்களும் தண்ணீர் கொடுத்து, தைரியம் சொல்லி, காலையில் தீயணைப்பு வீரர்கள் வந்ததும் விருந்தினர்களை ஜன்னல் வழியே முதலில் இறக்கிவிட்டார்கள். யாரிடம் அப்ரூவல் கேட்டார்? கேட்க யார் இருந்தார்கள்?

அந்தத் தாக்குதலில் தாஜ் ஊழியர்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். தப்பி ஓடத் தெரியாதவர்கள் இல்லை. ஹோட்டலின் பின்வழி அத்தனையும் அவர்களுக்குத்தான் தெரியும்.

இது எப்படி சாத்தியமானது என்று ஹார்வர்டு பேராசிரியர் ரோஹித் தேஷ்பாண்டேயும் அஞ்சலி ரெய்னாவும் ஆராய்ந்து 2011-ல் எழுதினார்கள். தாஜ் தன் ஊழியர்களைப் பெரும்பாலும் சின்ன ஊர்களிலிருந்து எடுக்கிறது. மற்ற ஹோட்டல்கள் 12 மாதம் பயிற்சி தந்தால் இங்கே 18 மாதம். பயிற்சியில் சொல்லித்தருவது, 'நீ கம்பெனியின் பிரதிநிதி இல்லை, விருந்தினரின் பிரதிநிதி' என்று. விருந்தினர் நலனுக்காக நீ எடுக்கும் முடிவு எதுவானாலும் நிர்வாகம் உன் பக்கம் நிற்கும் என்று உறுதி. இந்த உறுதி இருந்ததால்தான் சாதாரண நாளில் அவர்கள் சின்னச் சின்ன முடிவுகளைத் தயங்காமல் எடுத்தார்கள். அந்தப் பழக்கம்தான் அசாதாரணமான இரவில் கைகொடுத்தது.

சின்ன ஊர்ப் பையன்கள், பெண்கள். 77 மார்க் வாங்கிய அதே இந்தியாதான். ரத்தத்தில் கோளாறு இல்லை என்று இதைவிட எப்படி நிரூபிப்பது?

இதோடு முடித்தால் நல்ல தன்னம்பிக்கைக் கட்டுரையாகிவிடும். ஆனால், முடிக்க முடியாது. மானேசர் குறுக்கே நிற்கிறது.

எண்பதுகளில் மாருதி வந்தபோது அதன் தொழிற்சாலையைப் பார்த்து இந்தியாவே வாய்பிளந்தது. மேனேஜிங் டைரக்டருக்கும் தொழிலாளிக்கும் ஒரே யூனிஃபார்ம். ஒரே கேன்டீன், ஒரே வரிசை. அதிகாரிகளுக்குத் தனி அறை கிடையாது. தரவட்டம், ஆலோசனைத் திட்டம் என்று ஜப்பான் பாணியில் தொழிலாளியின் யோசனையைக் கேட்டு வாங்கினார்கள். ஊழியர் பங்கேற்புக்கு உதாரணம் என்று பாடப் புத்தகங்கள் மாருதியைக் கொண்டாடின. காக்கிச் சட்டைக்குத் தனித் தட்டு வைத்திருந்த தேசத்தில் அது சாதாரண மாற்றம் இல்லை.

ஆனால், 2011-ல் ஹரியானாவின் மானேசர் ஆலையில் தொழிலாளர்கள் ஒன்று கேட்டார்கள். எங்கள் சங்கத்தை நாங்களே அமைத்துக்கொள்கிறோம். வேகமாக ஓடும் அசெம்பிளி லைன், ஏழரை நிமிட டீ பிரேக், நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்திலேயே அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி என்று அவர்களுக்குச் சொல்ல நிறைய இருந்தது. வேலைநிறுத்தம், நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவோம் என்ற நிர்வாகத்தின் நிபந்தனை என்று மாதக்கணக்கில் இழுத்தது. 2012-ல்தான் சங்கம் பதிவானது. அந்த ஜூலை 18-ம் தேதி கலவரம் வெடித்தது. மனிதவளத் துறையின் உயர் அதிகாரி ஒருவர் தீயில் சிக்கி இறந்தார். அந்தக் கொடூரத்துக்கு எந்த நியாயமும் கிடையாது. பிறகு 546 நிரந்தரத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். 2017-ல் நீதிமன்றம் 31 பேரைக் குற்றவாளிகள் என்றது, அதில் 13 பேருக்கு ஆயுள் தண்டனை. 117 பேரை விடுவித்தது. அந்த 117 பேரில் பலர் வருஷக்கணக்கில் ஜெயிலில் இருந்துவிட்டு வெளியே வந்தவர்கள்.

ஒரே யூனிஃபார்ம் போட்ட கம்பெனியில் இது எப்படி நடந்தது? எனக்குப் புரிகிற பதில் இதுதான். லைன் இன்னும் வேகமாக ஓட யோசனை சொல்லும் அதிகாரம் தொழிலாளிக்கு இருந்தது. லைன் ஏன் இவ்வளவு வேகமாக ஓடவேண்டும் என்று கேட்கும் அதிகாரம் இல்லை. நிர்வாகத்துக்குப் பிடித்ததைச் சொல்ல ஆயிரம் வாசல் திறந்திருந்தது. பிடிக்காததைச் சொல்ல ஒரு வாசல் கேட்டபோது கதவடைப்பு.

ஹரியானா வரை போவானேன்? ஸ்ரீபெரும்புதூர் பக்கம், சுங்குவார்சத்திரத்தில், 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே! சம்பளக் கோரிக்கையும் இருந்தது. ஆனால், முக்கியமாக நின்ற பிரச்னை சங்கப் பதிவு. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற வார்த்தை வரலாமா என்பதே சண்டையானது. தாங்கள் வேலை பார்க்கிற கம்பெனியின் பெயரைத் தங்கள் சங்கத்துக்கு வைத்துக்கொள்ள கோர்ட் வரை போகவேண்டியிருந்தது. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. டி-ஷர்ட்டில் கம்பெனி பெயரைப் போட்டுக்கொண்டு 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று மாரத்தான் ஓடும்போது மட்டும் யாரும் ஆட்சேபிப்பதில்லை!

இப்போது திரும்ப நாயரின் புத்தகத்துக்கு வருகிறேன். நல்ல புத்தகம். நேர்மையான புத்தகம் என்றும் சொல்வேன். தயங்கிய இடங்களையும் அவர் எழுதுகிறார். ஆனால், இரண்டு குறைகள் எனக்கு உறுத்துகின்றன.

ஒன்று, 'ஊழியர்தான் முதலில்' என்று அட்டையில் போட்ட புத்தகத்தில் முதலிலிருந்து கடைசி வரை பேசுபவர் சி.இ.ஓ. நான் நினைத்தேன், நான் கேட்டேன், நான் செய்தேன். பிரமிடைக் கவிழ்த்த கதையைக்கூட பிரமிடின் உச்சியில் இருந்தவர்தான் நமக்குச் சொல்கிறார். ராத்திரி ஷிஃப்ட்டில் அந்த டிக்கெட்டைப் போட்ட பெண் இதே கதையை எழுதினால் எப்படி இருந்திருக்கும்? அந்தப் புத்தகத்தைத்தான் நான் முதலில் வாங்குவேன்.

இரண்டாவது, முக்கியமானது. அங்கே நடந்த அத்தனையும் ஒரு நல்ல தலைவர் கொடுத்தது. கொடுத்தவர் 2013 ஜனவரியில் சி.இ.ஓ. பதவியிலிருந்து விலகினார். இன்று அந்தக் கம்பெனியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்க்கிறார்கள். நாயருக்கும் இது தெரியும், தலைவரையே நம்பியிருக்காத அமைப்பு வேண்டும் என்று கடைசிப் பகுதியில் அவரே சொல்கிறார். ஆனால், நாளைக்கு வேறொரு சி.இ.ஓ. வந்து 'டிக்கெட்டை இனிமே ஹெச்.ஆரே மூடட்டும்' என்று சொன்னால் ஊழியர் என்ன செய்யமுடியும்? இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஹெச்.சி.எல். என்றில்லை, இந்தியாவில் எந்த எம்பவர்மென்ட் கதையிலும் கிடைப்பதில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடவும் வேண்டியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இது உரிமையாக இருக்கவேண்டும் என்று நம் அரசியல் சட்டமே சொல்லிவிட்டது. 1976-ல் 42-வது திருத்தத்தில் 43-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். தொழில் நிறுவனங்களின் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்க அரசு வழிசெய்யவேண்டும் என்கிறது அது. ஹெச்.சி.எல். பிறந்த அதே 1976! இதை நடைமுறைப்படுத்த 1990-ல் ராஜ்யசபாவில் ஒரு மசோதாவும் வந்தது. சட்டமாகவில்லை. 43-ஏ வழிகாட்டும் நெறிகளில் ஒன்று. கோர்ட்டுக்குப் போய் 'கொடு' என்று கேட்கமுடியாது. வரவேற்பறை ஃப்ரேம் வாசகத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் நம் பெரிய முதலாளிகள் வேறு விவாதத்தில் இருக்கிறார்கள். 2023-ல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்றார். 2025-ல் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசிய ஒரு வீடியோ வெளியானது, அவர் 90 மணிக்குப் போய்விட்டார். நாடே கூட்டிக் கழித்து சண்டை போட்டது. எனக்கு ஒரே சந்தேகம்தான். அந்த 70 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி நேரம் மாடியிலிருந்து கையெழுத்து இறங்கி வருவதற்காகக் காத்திருப்பது? அதை யாராவது கணக்குப் போட்டார்களா?

சரி, உங்கள் கம்பெனியில் எம்பவர்மென்ட் நிஜமா, போஸ்டரா? தெரிந்துகொள்ள கன்சல்டன்ட் வேண்டாம். நாலு விஷயம் விசாரித்தால் போதும்.

யாரையும் கேட்காமல் ஒரு கடைநிலை ஊழியர் எவ்வளவு ரூபாய் வரை முடிவெடுக்கலாம்? தொகையைச் சொல்லவேண்டும். 'சூழ்நிலையைப் பொறுத்து' என்று பதில் வந்தால், பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தப்பு நடக்கிறது என்று தெரிந்தால் அவர் எதை நிறுத்தலாம்? டொயோட்டா ஆலைகளில் தொழிலாளியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கயிறு இருக்கும். இழுத்தால் மேற்பார்வையாளர் ஓடி வருவார், கோளாறு தீராவிட்டால் லைனே நிற்கும். உங்கள் ஆபீசில் அந்தக் கயிறு எங்கே?

அவர் புகாரை முடித்துவைப்பது யார்?

கடைசியாக, போன வருஷம் மேலிடத்துக்கு 'முடியாது சார், இது தப்பு' என்று சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறார்? அதே நாற்காலியில் இருந்தால் நல்ல கம்பெனி. பிரமோஷன் வாங்கியிருந்தால் அபூர்வமான கம்பெனி. 'அப்படி யாரும் சொன்னதே இல்லையே' என்று பதில் வந்தால்... புரிந்திருக்கும்.

ஒருவேளை உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை பார்க்கிறார்கள் என்றால், எம்.டி. திருந்தும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற திங்கட்கிழமை உங்கள் மேஜைக்கு வரும் கையெழுத்துகளை எண்ணுங்கள். அதில் எவற்றை நீங்கள் படித்துப் பார்க்காமலே போடுகிறீர்களோ, அவற்றுக்கு நீங்கள் தேவையில்லை. அந்த வேலையைச் செய்கிறவரையே கூப்பிட்டு, "இனிமே இதுக்கு என்கிட்ட வரவேண்டாம், நீங்களே முடிவு பண்ணிக்குங்க, தப்பானா நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள். அதை ஒரு மெயிலிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்வது ரொம்ப சுலபம்.